இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல்வலி: வலிக்கும் இரவிலிருந்து சிகிச்சை நாள் வரை

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திக்கொண்ட ஒருவருக்குப் பல் வலிக்கத் தொடங்கினால், அண்டை வீட்டார் சொல்லும் கைவைத்தியமும் மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும் மாத்திரையும் அவருக்கு அப்படியே பொருந்திவிடாது. இதற்குக் காரணம் இரண்டு. வாயிலிருக்கும் கிருமிகள் இரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டிக்கொள்ளலாம் என்பது ஒன்று. அவர் உட்கொள்ளும் வார்ஃபரின் போன்ற இரத்த உறைவெதிர்ப்பு மருந்து, நாம் சாதாரணமாக எண்ணும் பல மருந்துகளோடு மோதும் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு செயல்பட்டால் பல்வலியைப் பாதுகாப்பாகக் கையாள முடியும்.

வாயில் இயல்பாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள், ஈறில் அழற்சி இருக்கும்போது, பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூடச் சிறிதளவு இரத்தத்துக்குள் நுழைகின்றன. ஆரோக்கியமான இதயம் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. செயற்கை வால்வின் மேற்பரப்பிலோ, அது தைக்கப்பட்ட வளையத்திலோ அவை தங்கிப் பெருகினால் இதய உட்சவ்வு அழற்சி என்னும் நோய் உண்டாகிறது. இந்த நோய்க்கு வாரக்கணக்கில் மருத்துவமனையில் இரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். சிலருக்கு வால்வையே மீண்டும் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே சொத்தைப் பல்லையும் சீழ் கட்டிய ஈறையும் இதயத்தோடு தொடர்பில்லாத சிறு தொல்லையாக எண்ணுவது தவறு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல்வலி தானாக நின்றுவிட்டால் பல் குணமாகிவிட்டது என்று பொருளாகாது. பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு செத்துப்போனால் வலி அடங்கிவிடும். தொற்று வேரின் நுனிக்கு இறங்கி எலும்புக்குள் தொடர்ந்து இருக்கும். "ரெண்டு நாள் வலிச்சது, இப்ப இல்லை" என்று முன்பதிவை ரத்து செய்பவர்களைக் குறித்துத்தான் எனக்கு அதிகக் கவலை. மாத்திரையின் வேலை அந்த இரவைக் கடக்க உதவுவது மட்டுமே. பல்லுக்குரிய சிகிச்சையை அந்த வாரத்திலேயே தொடங்கியாக வேண்டும்.

வலி தொடங்கிய இரவில்

முதலில், அது உண்மையில் பல்வலிதானா என்று பாருங்கள். கீழ்த் தாடையில், குறிப்பாக இடப்பக்கத்தில், நடக்கும்போதோ படியேறும்போதோ வந்து, ஓய்வெடுத்தால் குறையும் வலி இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். அதோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் பல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சிங்கப்பூரின் அவசர மருத்துவ வாகன எண்ணான 995-ஐ அழைக்க வேண்டும். முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் பலமிழத்தல் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவுவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுவது ஆகியவை தோன்றினால் பல் மருந்தகம் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும். பல்வலியோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்தாலும் அவ்வாறே.

இவை எதுவும் இல்லையெனில், வலிக்கு முதலில் எடுக்கத்தக்கது பாராசிட்டமால், அதாவது பெரும்பாலான வீடுகளில் இருக்கும் பனடால். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேற்படாமல் என்பது பொதுவான வரம்பு. கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களும் உடல் எடை மிகக் குறைந்தவர்களும் மருத்துவர் சொல்லும் குறைந்த அளவுக்குள் இருக்க வேண்டும். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு மற்றொரு வரம்பும் உண்டு: நாள்தோறும் 2 கிராம் அளவில், அதாவது நான்கு மாத்திரை என்று, சில நாள் தொடர்ந்து எடுத்தாலே, இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்னும் இரத்தப் பரிசோதனை அளவு உயரக்கூடும். ஓரிரு நாளுக்கு இது தொல்லை தராது. மூன்று நான்கு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் வார்ஃபரின் அளவைக் கவனிக்கும் மருந்தகத்துக்குத் தெரிவித்து, இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும், தசைவலிக்கு இங்கே பொது மருத்துவர்கள் அடிக்கடி கொடுக்கும் அனாரெக்ஸிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. பனடாலோடு அவற்றையும் சேர்த்து எடுத்தால் கணக்கு தெரியாமல் வரம்பைத் தாண்டிவிடும்.

தொடக் கூடாத மாத்திரைகளின் பெயர்களைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டி வைப்பது நல்லது. இப்யூபுரோஃபென், நாப்ராக்சென், டைக்குளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம், எட்டோரிகாக்சிப் ஆகியவை அழற்சி எதிர்ப்பு வலிநிவாரணிகள். சிங்கப்பூர் வீடுகளில் இவை நியூரோஃபென், சின்ஃப்ளெக்ஸ், வோல்டாரென், பொன்ஸ்டான், ஆர்கோக்சியா என்ற பெயர்களில் மேசை இழுப்பறையில் மிஞ்சிக் கிடக்கும். வார்ஃபரினோடு சேரும்போது இவை குடலில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். உடலில் நீரைத் தேக்கி இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை கூட்டலாம். வலிக்கென்று ஆஸ்பிரினும் வேண்டாம். இதய மருத்துவர் தினசரி எழுதிக் கொடுத்திருக்கும் சிறிய அளவு ஆஸ்பிரினை மட்டும் வழக்கம்போல் தொடர வேண்டும். அதை நிறுத்தவும் கூடாது, வலிக்காகக் கூட்டவும் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அழுத்துவது சதையை வேகவைத்துப் புண்ணாக்குமே தவிர வலியைத் தணிக்காது.

நம் குடும்பங்களில் இன்னொரு வழியாகவும் மருந்து வந்து சேர்கிறது. சென்னைக்கோ திருச்சிக்கோ போய்த் திரும்புகிறவர்களின் பெட்டியில் காம்பிஃப்ளாம், ஸெரோடால் போன்ற அட்டைகள் இருக்கும். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலோடு இப்யூபுரோஃபெனும் உண்டு. ஸெரோடாலில் இருப்பது அசெக்ளோஃபெனாக் என்னும் அதே வகை மருந்து. ஊரில் பல்வலிக்கு அவை நன்றாகக் கேட்டன என்று அன்போடு நீட்டுவார்கள். வால்வு பொருத்தியவர் அவற்றை வாங்கிக்கொள்ளக் கூடாது. தமிழகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலர் வார்ஃபரினுக்குப் பதிலாக அசிட்ரோம் எடுப்பார்கள். அது அதே வேலையைச் செய்யும் வேறொரு மருந்து என்பதாலும், இரண்டின் மில்லிகிராம் அளவும் ஒன்றல்ல என்பதாலும், இங்குள்ள மருத்துவரிடம் அந்த அட்டையையே எடுத்துக் காட்ட வேண்டும். வீட்டில் முதியவருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர் பணிப்பெண் என்றால், இந்தப் பட்டியல் அவருக்குப் புரியும் மொழியில் அவரிடமும் இருக்க வேண்டும்.

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளிப்பது பாதுகாப்பானது. பல்லிடுக்கில் சிக்கிய உணவை நூலால் மெதுவாக அகற்றுவதே சிலருக்குப் பாதி வலியைக் குறைத்துவிடும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தின் வெளிப்புறம் கால் மணி நேரம் வைக்கலாம்; தலையணையை உயர்த்திப் படுக்கலாம். கிராம்பெண்ணெயைப் பயன்படுத்துவதானால் ஒரு துளியைப் பஞ்சில் நனைத்துச் சொத்தைக் குழியில் மட்டும் வைக்க வேண்டும். ஈறில் தடவினால் எரிந்து புண்ணாகும், விழுங்கவும் கூடாது. வாய்ப்புண்ணுக்குத் தடவும் களிம்புகளில் சிலவற்றில் ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த சாலிசிலேட் இருக்கிறது. வாய்ப் பூஞ்சைக்குத் தடவும் மைக்கோனசோல் களிம்பு, வாயில் தடவும் அளவிலேயே ஐஎன்ஆரை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும். மருந்தாளரிடம் வார்ஃபரின் என்று சொல்லிக் கேட்காமல் எந்தக் களிம்பையும் வாங்காதீர்கள். சீனமருந்துக் கடைகளில் கிடைக்கும் தாங் குய், தான் ஷென் போன்ற வேர்களும், பூண்டு, மஞ்சள் சாரம் அடைத்த குளிகைகளும் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடியவை. குழம்பில் போடும் மஞ்சளையும் பூண்டையும் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. வீங்கிய கன்னத்துக்குச் சூடான ஒத்தடம் கொடுப்பதும், ஊசியால் சீழைக் குத்தி விடுவதும் அறவே கூடாது.

மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை நீங்களாகவே எடுப்பதுதான் இவை எல்லாவற்றிலும் பெரிய தவறு. அரைகுறை மருந்து தொற்றைத் தீர்க்காது. வால்வில் உண்மையாகவே கிருமி சேர்ந்திருந்தால், இரத்தப் பரிசோதனையில் அந்தக் கிருமி வளராதபடி மறைத்துவிடும். எந்தக் கிருமி என்று தெரியாமல் வால்வுத் தொற்றுக்குச் சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவர்களுக்கு மிகக் கடினம்.

வார்ஃபரினை நிறுத்துவது

பல் பிடுங்கப் போகிறோம், இரத்தம் நிற்காதே என்ற அச்சத்தில் மூன்று நான்கு நாளுக்கு முன்பே வார்ஃபரினைத் தாமாக நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். உலோக வால்வு உள்ளவருக்கு இது உயிராபத்தானது. வால்வின் இதழ்களில் இரத்தம் உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளலாம். உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். பல் பிடுங்கிய குழியில் கசியும் இரத்தத்தைப் பஞ்சால் அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்த முடியும். மூளையில் ஏற்பட்ட சேதத்தை அவ்வாறு திரும்பப் பெற முடியாது. ஐஎன்ஆர் கட்டுப்பாட்டில் இருக்கும்போது ஒன்றிரண்டு பற்களை வார்ஃபரினைத் தொடர்ந்தபடியே பிடுங்குவது இன்று ஏற்கப்பட்ட நடைமுறை. பிரிட்டனின் பல் மருத்துவ வழிகாட்டுதலில் ஐஎன்ஆர் 4-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வரம்பு. அதைவிடக் குறைந்த அளவைக் கேட்கும் மருத்துவர்களும் உண்டு. உலோக வால்வு உள்ளவர்களின் இலக்கு, வால்வு இருக்கும் இடத்தைப் பொறுத்து, பெரும்பாலும் 2.0 முதல் 3.5 வரைக்குள் அமைந்திருப்பதால், சீராக இருப்பவர்களுக்கு இது தடையாவதில்லை. சிகிச்சைக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஐஎன்ஆரைப் பார்த்துக்கொள்வதே சிறந்தது. நீண்ட நாள் சீராக இருப்பவர்களுக்கு 72 மணி நேரம் வரையிலான அளவை ஏற்பதுண்டு. வார்ஃபரின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் இதய மருத்துவர் மட்டுமே.

பல்வலிக்காரர்களுக்கு ஐஎன்ஆர் உயர்வதற்கு வெளியில் தெரியாத ஒரு வழியும் உண்டு. மெல்ல முடியாமல் நாலைந்து நாள் கஞ்சியும் ரொட்டியும் மட்டுமே சாப்பிட்டு, வழக்கமாகச் சேர்த்துக்கொள்ளும் கீரையை விட்டுவிட்டால், உடலில் சேரும் வைட்டமின் கே குறைந்து வார்ஃபரினின் வேகம் கூடும். அதோடு தொடர்ந்து பாராசிட்டமாலும், பல் தொற்றுக்கு எழுதப்படும் மெட்ரோனிடசோலும் சேர்ந்தால் ஐஎன்ஆர் கிடுகிடுவென ஏறிவிடும். முருங்கைக்கீரையை மசித்து, கஞ்சியோடு வழக்கமான அளவில் தொடருங்கள். திடீரென்று அதிகமாகவும் சாப்பிட வேண்டாம்.

பல் மருந்தகத்தில் சொல்ல வேண்டியது

முன்பதிவுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போதே, "எனக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். வால்வு உலோகமா, திசுவா, எந்த இடத்தில், எந்த மாதம் பொருத்தப்பட்டது, கடைசி ஐஎன்ஆர் எவ்வளவு, பெனிசிலின் ஒவ்வாமை உண்டா, முன்பு வால்வுத் தொற்று வந்ததுண்டா என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வார்ஃபரின் பதிவுப் புத்தகத்தையும் மருந்து அட்டைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தால், அவசரமில்லாத பல் வேலைகளைத் தள்ளிவைப்பது வழக்கம். வலியும் சீழும் அவசரமில்லாதவை அல்ல. ஆனால் அந்த மாதங்களில் பல் மருத்துவர் இதயக் குழுவோடு பேசிய பிறகே தொடங்க வேண்டும். மார்பெலும்பு இன்னும் கூடாத நிலையில் இருப்பவர்கள், நாற்காலியிலிருந்து எழும்போது கைகளை ஊன்றி உந்தாமல் உதவியாளரைக் கேளுங்கள்.

பக்கத்து வட்டாரத்துப் பல் மருந்தகத்திலேயே எளிய சிகிச்சைகளைச் செய்துகொள்ளலாம். பல பற்களைப் பிடுங்க வேண்டியிருந்தாலோ, ஐஎன்ஆர் நிலையில்லாமல் இருந்தாலோ, தேசிய பல் மருத்துவ நிலையம் போன்ற, மருத்துவமனையை ஒட்டிய இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்பதே என் பார்வையில் விவேகம். பல் சேவை உள்ள பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரை பெற்றுச் செல்லும் குடிமக்களுக்குக் கட்டணக் கழிவு கிடைக்கும். சாஸ் அட்டை, முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டைகள் ஆகிய அரசுக் கட்டணச் சலுகை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். அறுவை சிகிச்சை வகையைச் சேர்ந்த பல் சிகிச்சைக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கு பயன்படும். சீனப் புத்தாண்டின்போது பெரும்பாலான மருந்தகங்கள் சில நாள் மூடியிருக்கும் என்பதால், அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு பல் லேசாகக் கூசினாலும் போய்க் காட்டிவிடுங்கள்.

சிகிச்சைக்கு முன் ஒரு வேளை மருந்து

அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல் வெளியிட்டு 2021-இல் மீண்டும் உறுதிசெய்த வழிகாட்டுதலின்படி, பல் சிகிச்சைக்கு முன் தடுப்பு ஆன்டிபயாட்டிக் பெற வேண்டியவர்கள் சில பிரிவினர் மட்டுமே. செயற்கை வால்வு உள்ளவர்கள், கால் தமனி வழியாக வால்வு பொருத்திக்கொண்டவர்கள், வால்வைச் சீர்செய்ய வளையம் போன்ற செயற்கைப் பொருள் வைக்கப்பட்டவர்கள், முன்பு வால்வுத் தொற்றுக்கு ஆளானவர்கள் ஆகியோர் அவர்களில் அடங்குவர். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் அந்தக் காரணத்துக்காக மட்டும் இது தேவையில்லை. ஒரே வீட்டில் இரு வகை நோயாளிகள் இருந்தால் குழம்பிவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு அமோக்சிசிலின் 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிகைகள் நான்கு, சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, ஒரே ஒரு முறை. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. முன்பு பரவலாகக் கொடுக்கப்பட்ட கிளிண்டாமைசின் 2021-க்குப் பிறகு பரிந்துரைக்கப்படுவதில்லை. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு, மாதந்தோறும் பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு வேறு வகை மருந்தையே தேர்ந்தெடுப்பார்கள். மறந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. பல் பிடுங்குதல், வேர்நுனி வரை செல்லும் சிகிச்சை, ஈறுக்குக் கீழே காறை நீக்குதல் ஆகியவற்றுக்கு இது வேண்டும். எக்ஸ்ரே எடுப்பதற்கும், தொற்றில்லாத இடத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவதற்கும் வேண்டியதில்லை. கூடுமானவரை பல வேலைகளை ஒரே அமர்வில் முடித்துக்கொள்ளக் கேளுங்கள்.

பல் பிடுங்கும் நாளும் அதன் பிறகும்

வார முற்பகுதியில், காலை நேரத்தில் முன்பதிவு செய்யுங்கள். அப்போதுதான் மாலையில் கசிவு தொடங்கினாலும் அதே மருத்துவரிடம் திரும்பிச் செல்ல முடியும். பிடுங்கிய குழியில் உறைவுக்கு உதவும் பொருளை வைத்துத் தையல் போடுவது வழக்கம். கசிவைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சையோ கொப்பளிக்கும் நீரையோ சிலர் கொடுப்பார்கள். பஞ்சை அரை மணி நேரம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திக் கடியுங்கள். முதல் 24 மணி நேரத்துக்கு வேகமாகக் கொப்பளிப்பதும், ஸ்டிராவில் உறிஞ்சுவதும், புகைப்பதும், சூடான கோப்பி குடிப்பதும் வேண்டாம். மறுபடி கசிந்தால் புதிய பஞ்சை இன்னொரு அரை மணி நேரம் கடித்துப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மருந்தகத்துக்கோ, அது மூடியிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ செல்லுங்கள். அன்றிரவு வார்ஃபரினை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் எடுங்கள். பல நாளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால், மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஐஎன்ஆரை மீண்டும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஈறில் இரத்தம் வருகிறதென்று பல் துலக்குவதை நிறுத்திவிடும் வழக்கம் முதியவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. துலக்காத ஈறு மேலும் வீங்கி, மேலும் கசிந்து, நாள்தோறும் கிருமிகளுக்கு வழிவிடும். மென்மையான தூரிகையால் காலையும் இரவும் துலக்குவதும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவரைப் பார்ப்பதும், அந்த ஒரு வேளைத் தடுப்பு மருந்தைவிட வால்வுக்குப் பெரிய காவல் என்று நான் கருதுகிறேன். செயற்கைப் பல்வரிசை அணிபவர்கள் ஈறில் உரசிப் புண்ணாக்கும் இடம் இருந்தால் சரிசெய்துகொள்ள வேண்டும். வெற்றிலை பாக்கை விட்டுவிடுவது நல்லது.

பல் சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களிலும் மாதங்களிலும் காரணம் தெரியாத காய்ச்சல், இரவு வியர்வை, குளிர் நடுக்கம், பசியின்மை, எடைக் குறைவு, நாளுக்கு நாள் கூடும் களைப்பு ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் வால்வுத் தொற்றா என்று பார்த்தாக வேண்டும். பொது மருத்துவரிடம் போனால், காய்ச்சலைச் சொல்வதற்கு முன்பே வால்வைச் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் எழுதத் தொடங்கினால், "அதற்கு முன் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு இரத்தம் எடுக்க வேண்டாமா?" என்று மரியாதையோடு கேளுங்கள், அந்தச் சோதனைக்காக மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். காய்ச்சல் ஒரு நாள் இறங்கி மறுநாள் திரும்பினாலும், உடல் சூடு குறைவாகவே இருந்தாலும், வால்வு பொருத்திய மருத்துவமனையை அன்றைக்கே தொடர்புகொள்ள வேண்டும்.